வீட்டுப் பேனலைப் படகில் ஏற்றிய கதை

வேதாரண்யத்துக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. வணிகவியலில் பட்டம் வாங்கிவிட்டு மீன்பிடித் தொழிலுக்கே திரும்பி வந்தவன் நான். 32 அடி ஃபைபர் படகு ஒன்றை நானும் என் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். 2022 அக்டோபரில் அந்தப் படகிலும் 2024 ஆகஸ்டில் வீட்டு மாடியிலும் சோலார் பொருத்தினோம். இன்று இரண்டுமே நன்றாக ஓடுகின்றன, இரண்டிலும் பயனுண்டு. ஆனால் இந்த நிலைக்கு வந்துசேர்வதற்குள் ஏறத்தாழ 57,000 ரூபாயும் பல நாள் தொழிலும் போயின. ஓர் இரவில் படகிலிருந்த நான்கு பேருடைய உயிரும் ஊசலாடியது. படகுக்கு வீட்டுப் பேனலை வாங்கினேன்; பிறகு வீட்டுச் சோலார் படகுச் சோலாரைப் போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தேன். எல்லா நஷ்டமும் இந்த இரண்டு தவறுகளிலிருந்து கிளைத்ததுதான். முன்கூட்டியே யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது இரவுத் தொழில். மாலையில் புறப்பட்டு, வலையை விட்டு, அதிகாலையில் வலையை வாங்கிக்கொண்டு, அதாவது இழுத்துப் படகில் ஏற்றிக்கொண்டு, கரைக்குத் திரும்புவோம். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். வயர்லெஸ், படகின் அடையாள விளக்கு, வலை வாங்கும்போது வேலை விளக்குகள், கைப்பேசிகள் ஆகிய அத்தனையும் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. சோலாருக்கு முன்பு, கரைக்கு வந்ததும் மீனை இறக்குவதற்கு முன்னால் பேட்டரியை இறக்குவோம். 27 கிலோ எடையுள்ள அதை மணலில் இரண்டு பேர் தூக்கிவந்து, வண்டியில் வைத்துக் கட்டி, சார்ஜ் போடும் கடையில் விட்டுவிட்டு, மாலையில் மறுபடி அதே வழியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவைக்கு 60 ரூபாய். பகலில் மின்தடை வந்துவிட்டால் பேட்டரி பாதிதான் ஏறியிருக்கும். அதையே எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன நாட்களும் உண்டு. இந்தத் தூக்குச் சுமையிலிருந்து விடுபடலாம் என்ற ஒரே எண்ணத்தில்தான் சோலார் பக்கம் போனேன்.

பக்கத்து நகரத்தில் வீட்டு இன்வெர்ட்டர்கள் விற்கும் கடை ஒன்றுக்குச் சென்றேன். 330 வாட் பேனல் ஒன்றைக் காட்டினார்கள். விலை 9,800 ரூபாய். 100 வாட், 150 வாட் என்று சிறியவையும் இருந்தன; ஆனால் ஒரு வாட்டுக்கு எவ்வளவு விலை என்று கணக்குப் போட்டால் பெரியதுதான் மலிவாக இருந்தது. அதனுடன், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றை 1,250 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பேட்டரி புதிதாக வாங்கவில்லை; லாரிக்குப் போடும் 100 ஆம்ப் அவர் பேட்டரி ஒன்றை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் 8,400 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். படகின் பின்பக்கமான பின்னணியத்தில் பேனலைத் தூக்கி நிறுத்துவதற்காக வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய்ச் சட்டம் செய்ததில் 6,500 ரூபாய் ஆயிற்று. ஆறரை அடி நீளமும் மூன்றேகால் அடி அகலமும் 22 கிலோ எடையும் கொண்ட அந்தப் பேனலைப் படகில் ஏற்றிப் பூட்டியபோது, அதன் நிழலில் உட்காரலாம் என்று தொழிலாளிகள் மகிழ்ந்தார்கள். முதல் மூன்று வாரங்கள் பேட்டரியைக் கரைக்குத் தூக்கவே இல்லை. நானும் ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன்.

நான் செய்த முதல் தவறு எங்கே இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தவறை இன்றும் பல படகுகளில் பார்க்கிறேன். 330 வாட் பேனல் என்பது 72 செல்கள் கொண்ட வீட்டுப் பேனல். அது வேலை செய்யும் அழுத்தம் சுமார் 37 வோல்ட், மின்னோட்டம் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் கொடுத்த சாதாரண கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகையைச் சேர்ந்தது. பேனலையும் பேட்டரியையும் நேரடியாக இணைத்து, பேட்டரி நிறைந்ததும் துண்டிப்பதுதான் அதன் வேலை. கூடுதலாக இருக்கும் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தர அதற்குத் தெரியாது. ஆகவே 37 வோல்ட் பேனல் 13 வோல்ட் பேட்டரியின் மட்டத்துக்கு இறங்கிவந்து, 13 வோல்ட்டும் 9 ஆம்பியரும் பெருக்கினால் வருகிற 115 வாட்டைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 330 வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்தினேன். சாதாரண கன்ட்ரோலர்தான் வாங்குவீர்கள் என்றால் 36 செல்கள் கொண்ட, 18 வோல்ட் அளவில் வேலை செய்யும் 12 வோல்ட் பேனலையே வாங்க வேண்டும். வீட்டுப் பேனல்தான் வேண்டும் என்றால், கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் கட்டாயம். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் வோல்ட், ஆம்பியர் எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்கினேன்.

எங்கள் படகின் ஓர் இரவுச் செலவைப் பிற்பாடுதான் எழுதிப் பார்த்தேன். ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 12 வாட், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 144 வாட் அவர். வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருப்பதற்கு 66. பத்து வாட் வேலை விளக்குகள் நான்கு, ஆறு மணி நேரத்துக்கு 240. அடையாள விளக்குக்கு 55. நான்கு கைப்பேசிகளுக்கு 60. ஆகக் கூடி 565 வாட் அவர். ஈய அமில பேட்டரிக்குள் போடுவதில் ஐந்தில் ஒரு பங்காவது வீணாகும் என்பதால், பேனலிலிருந்து 700 வாட் அவர் வர வேண்டும். 115 வாட் பேனல் நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் உழைத்தாலும் 575தான் வரும். அதுவும் நான் பொருத்தியது அக்டோபரில். வடகிழக்குப் பருவமழை தொடங்கி வானம் மூடிய நாட்களில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது. ஒவ்வொரு நாளும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கடன்பட்டுக்கொண்டே போனது. லாரி பேட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரு கணம் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. இரவெல்லாம் மெதுவாகக் கறந்தால் அதன் தகடுகள் சீக்கிரமே கெட்டுவிடும். டிசம்பரில் விளக்குகள் மங்கத் தொடங்கின.

அப்போது படகு விஷயத்திலேயே இன்னொரு தவறும் செய்தேன். எம்.பி.பி.டி. என்ற சொல்லை அதற்குள் எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். இணையத்தில் 2,600 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. முகப்பில் பெரிய எழுத்தில் எம்.பி.பி.டி. என்று அச்சிட்டிருந்தது, வண்ணத் திரையும் இருந்தது. வாங்கிப் பொருத்திவிட்டு, தை பிறந்து வெயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

2023 பிப்ரவரியில், நிலவில்லாத ஓர் இரவு. வலை விட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்றரை மணிக்கு வயர்லெஸ் ஒரு முறை கரகரத்து அடங்கியது. அடுத்து ஜிபிஎஸ் திரை ஒரு நொடி வெளுத்து அணைந்தது. கடைசியாக அடையாள விளக்கு. பேட்டரி முனைகளைத் துடைத்து, இறுக்கி, என்னென்னவோ செய்து பார்த்தோம். திரை ஒளிர்வதும் அணைவதுமாக இருந்தது. கைப்பேசிகளையும் அதே பேட்டரியில்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பதால் என்னுடையதில் ஆறு விழுக்காடு மட்டும் மீதி இருந்தது. நீரோட்டம் தெற்கே இழுத்தது. கோடியக்கரையைத் தாண்டினால் எல்லைக் கோடு அதிகத் தொலைவில் இல்லை என்பதும், அதைத் தாண்டியவர்களுக்கு என்ன ஆகிறது என்பதும் எங்கள் கரையில் சிறுபிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் ஆபத்து எல்லைப் பக்கமிருந்து வரவில்லை. வடக்கிலிருந்து ஒரு விசைப்படகின் சத்தம் நெருங்கியது. அவர்களுடைய விளக்கு எங்களுக்குத் தெரிந்தது. இருட்டில் கிடந்த எங்களை அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தம்பி டார்ச்சை எடுத்து ஆட்டினான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் டார்ச்சை அடித்தால் தூரத்திலிருந்து பெரிதாகத் தெரியும் என்று வயதான தொழிலாளி ஒருவர் சொல்ல, அப்படியே செய்தோம். கடைசி நேரத்தில்தான் அவர்கள் திருப்பினார்கள். படகு தப்பியது, வலை தப்பவில்லை. விரித்துக் கிடந்த வலையின்மேல் ஏறி, பாதிக்கு மேல் கிழித்துக்கொண்டு போய்விட்டது அந்த விசைப்படகு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. விளக்கில்லாமல் கிடந்தது நாங்கள். மிச்ச வலையை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வாங்கி ஏற்றினோம். கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் என்பதால் அது மட்டும் பேட்டரியைக் கேட்கவில்லை. நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலேதான் இருக்கும்; மூட்டத்தில் அது தெரியவில்லை. வட வானில் உயரே நின்ற சப்தரிஷி மண்டலத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே ஓட்டினோம். தென்மேற்கில் கோடியக்கரைக் கலங்கரை விளக்கின் ஒளி ஒரு முறை சுழன்று தெரிந்தபோது படகில் யாரும் எதுவும் பேசவில்லை. வலையில் போனது 38,000 ரூபாய். அன்றைய மீன்பாடு டீசல் செலவுக்குக்கூடக் காணவில்லை.

அன்றிலிருந்து படகில் தனியாகக் காந்தத் திசைகாட்டி ஒன்றும், தன் பேட்டரியிலேயே ஓடும் கை வயர்லெஸ் ஒன்றும், ஒரு சிறிய பவர் பேங்கும் மூடிபோட்ட டப்பாவில் இருக்கின்றன. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை மூடியின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். சோலார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உயிர் காக்கும் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பேட்டரியில் கட்டக் கூடாது.

கோளாறு என்னவென்று கண்டுபிடித்தவன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்த என் சித்தப்பா மகன். நண்பகலில் படகுக்கு வந்தான். டி.சி. மின்னோட்டமும் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டரைப் பேனலிலிருந்து வரும் ஒயரில் மாட்டினான், 8.1 ஆம்பியர் காட்டியது. பிறகு கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரில் மாட்டினான், அங்கும் 8.1. சிரித்துவிட்டான். "அண்ணே, உள்ள எட்டு, வெளிய எட்டு. உண்மையான எம்.பி.பி.டி.ன்னா உள்ள எட்டு போனா வெளிய பதினெட்டாவது வரணும். இது பேர மட்டும் மேல ஒட்டி வித்திருக்கான்" என்றான். எம்.பி.பி.டி. வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையை மறக்க வேண்டாம். அதிக வோல்ட் பேனலைக் குறைந்த வோல்ட் பேட்டரியுடன் இணைத்திருந்து, பேட்டரியும் காலியாக இருக்கும்போது, பேட்டரிப் பக்க மின்னோட்டம் பேனல் பக்கத்தைவிட அதிகமாக இல்லையென்றால் அது எம்.பி.பி.டி. அல்ல. அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதையும் திரையில் ஓடும் எண்களையும் நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அவன்தான் காட்டினான். கன்ட்ரோலர் பின்னணியத்தில் பேனலுக்குக் கீழே இருந்தது. பேட்டரி நான்கு மீட்டர் தள்ளி இருந்தது. இடையில் நான் இழுத்திருந்தது வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அந்த ஒயரிலேயே 0.8 வோல்ட் விழுந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட்டைப் பார்த்து பேட்டரி நிறைந்துவிட்டது என்று முடிவுகட்டும் நேரத்தில் பேட்டரி 13.6 வோல்ட்டில்தான் இருந்திருக்கிறது. ஒயரின் முனையைச் சீவிப் பார்த்தபோது செம்பு கறுத்து, பச்சைப் பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்றில் நான்கே மாதத்தில் அந்தக் கதி. இதற்குத் தீர்வு எளிது என்பதுதான் எரிச்சலாக இருந்தது. கூரைச் சோலாருக்கென்று கடைகளில் விற்கும் டி.சி. கேபிளில் செம்புக்கு வெள்ளீயப் பூச்சு இருக்கும். கடலிலும் அது பல காலம் தாங்கும். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டதும் வோல்ட் இழப்பு 0.2 ஆகக் குறைந்தது.

மார்ச்சில் எல்லாவற்றையும் மாற்றினேன். பேனலை மட்டும் வைத்துக்கொண்டேன், அதில் குறையில்லை. 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் 7,200 ரூபாய். 12.8 வோல்ட், 100 ஆம்ப் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 27,500. கேபிள், ஃபியூஸ், இணைப்பிகள் எல்லாம் சேர்ந்து 2,900. ஆக 37,600 ரூபாய். வீணாய்ப் போன இரண்டு கன்ட்ரோலர்கள், லாரி பேட்டரி, துருப்பிடித்துப் பிய்ந்த குழாய்ச் சட்டம், கிழிந்த வலை ஆகியவற்றின் கணக்கு 56,750 ரூபாய். முதலிலேயே சரியானதை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடத் தவறானதை வாங்கி இழந்தது அதிகம்.

லித்தியம் பேட்டரி விலையைக் கேட்டதும் தம்பி வேண்டாம் என்றான். ஆனால் ஈய அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. இதில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். எடை பன்னிரண்டு கிலோகூட இல்லை, ஒரு கையால் தூக்கலாம். படகு உருளும்போது அமிலம் சிந்தும் பேச்சும் இல்லை. எச்சரிக்கை ஒன்று மட்டும் தேவை: இந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் கொட்டுகிற மின்னோட்டம் ஒயரை உருக்கிவிடும், ஆகவே ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றிவைக்க வேண்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, அதற்குப் பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. இந்த வரிசையை மாற்றிச் செய்து கன்ட்ரோலரைப் புகைய விட்டவர்கள் எங்கள் கரையிலேயே இருவர் உண்டு. எங்கள் பேட்டரி இப்போது பழைய சிறிய ஐஸ் பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பேனல் சட்டம் துருப்பிடிக்காத எஃகு. முன்பு பேனலுக்குப் பக்கத்தில் நின்ற கொடிக் கம்பைப் படகின் முன்பக்கமான அணியத்துக்கு மாற்றிவிட்டோம். கம்பின் நிழல் ஒரு கை அகலத்துக்குப் பேனலின்மேல் விழுந்தாலே மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்த அமைப்பு ஒரு நாளும் எங்களைக் கைவிடவில்லை. சார்ஜ் கடைக்குக் கொடுத்துவந்த மாதம் ஆயிரத்துச் சொச்ச ரூபாய் மிச்சம். பணத்தைவிட, பேட்டரியைத் தூக்குகிற வேலை ஒழிந்ததைத்தான் தொழிலாளிகள் பெரிதாகச் சொல்கிறார்கள். வலை வாங்கும்போது வெளிச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியதில்லை. விரலில் மீன் முள் ஏறுவது குறைந்திருக்கிறது.

சோலாரிலேயே எஞ்சினையும் ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் ஆதித்யா என்ற சோலார் படகு 75 பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அதன் கூரை முழுவதும் பேனல்கள், மொத்தம் 20 கிலோவாட். அலையில்லாத காயல், குறுகிய தூரம், தெரிந்த வழி. எங்களுடையது பத்துக் குதிரைத்திறன் எஞ்சின், அதாவது ஏழரை கிலோவாட். ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 45 யூனிட் வேண்டும். 330 வாட் பேனல் நாளொன்றுக்குத் தருவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். வலை வாங்கும் இடத்தை விட்டுவிட்டுப் படகெங்கும் பேனல் பரப்பினாலும் அந்தக் கணக்கு கட்டாது. இதைச் சொல்லி விற்க வருபவரிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

படகில் சூடுபட்ட பிறகும் வீட்டு விஷயத்தில் ஏமாந்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பகுதியில்தான் கரை கடந்தது. அதன்பின் எங்கள் தெருவுக்கு மூன்று வாரங்களுக்கு மேல் மின்சாரம் வரவில்லை. குழந்தைக்குப் பால் காய்ச்சுவதிலிருந்து தண்ணீர் ஏற்றுவது வரை பட்ட பாடு மனத்திலேயே இருந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்தபோது, இனி அந்த நிலை வராது என்ற எண்ணத்தில்தான் விண்ணப்பித்தேன். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் என்பது மானியம்.

முதல் முட்டுக்கட்டை மின் இணைப்பின் பெயர். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தது. பெயர் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நின்றது. வாரிசுச் சான்றிதழ், அம்மாவிடமும் தங்கையிடமும் சம்மதக் கடிதம், பெயர் மாற்றம் என்று இரண்டரை மாதங்கள் ஓடின. சோலார் எண்ணம் இருப்பவர்கள் விற்பனையாளரைத் தேடுவதற்கு முன்பு மின் கட்டண அட்டையில் இருப்பது யார் பெயர் என்று பார்த்துவிடுங்கள். மானியம் பெற வேண்டுமானால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். பணம் நம் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும். மானியத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது கையெழுத்துக் கேட்டால் எழுந்துவிடுங்கள்.

எத்தனை கிலோவாட் என்பதில் மட்டும் இந்த முறை நான் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஆகும்; கட்டணம் 3,100 ரூபாய் அளவில் வரும். வந்தவர்கள் எல்லோரும் மூன்று கிலோவாட், ஐந்து கிலோவாட் என்றார்கள். அப்போது தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிய பிறகுதான் கட்டணம் கடுமையாக ஏறியது. ஆகவே நாம் வெட்ட வேண்டியது மேல்தட்டு யூனிட்களை. ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். மீதி 140 யூனிட்டுக்கு வருவது சொற்பத் தொகைதான். அந்தச் சொற்பத் தொகையையும் மிச்சப்படுத்துவதற்காக இன்னொரு கிலோவாட் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. 1,40,000 ரூபாயில் இரண்டு கிலோவாட் போட்டேன், 60,000 மானியம் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். கோடையில் கச்சான் காற்று உப்பளப் பக்கத்திலிருந்து வீசும்போது பேனல்மேல் உப்பும் தூசியும் படிந்து, எட்டு யூனிட் வர வேண்டிய நாளில் ஆறரைதான் வரும். பத்து நாளுக்கு ஒரு முறை, சூடு ஏறுவதற்கு முன் காலையில், ஆழ்குழாய்த் தண்ணீரைத் தவிர்த்து நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

2024 நவம்பர் கடைசி வாரத்து மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. நான் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாடியில் சோலார் இருக்கிறதல்லவா! மின்விசிறி சுற்றவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. விற்றவரை அழைத்தேன். "சார், இது ஆன்கிரிட். லைன்ல கரண்ட் இல்லன்னா ஓடாது" என்றார். வாங்கும்போது கரண்ட் போனாலும் ஓடும் என்று சொன்னவர் அவர்தான். காரணம் நியாயமானது: தெருக் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது என் மாடியிலிருந்து மின்சாரம் அதற்குள் பாய்ந்தால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் உயிரிழப்பார். அதனால்தான் அந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும். எனக்கு அதற்குக் கூடுதலாக 80,000 ரூபாய் கேட்டார்கள். புயலை நினைத்துச் சோலார் போடுபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், அதற்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருட்டில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவிதான் கேட்டாள், படகுப் பேட்டரி எங்கே என்று. மழைக்கு முன்னே படகைக் கரையேற்றியிருந்தோம். பேட்டரி நிறைந்த நிலையில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வந்தேன். படகின் வேலை விளக்கு ஒன்றைக் கூடத்திலும் ஒன்றை அடுப்படியிலும் தொங்கவிட்டோம். ஒன்றரை நாள் அது போதுமானதாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர்களும் கைப்பேசிகளைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹைபிரிட்டுக்கு நான் போகவில்லை. மறுமாதம் கூடத்திலும் அடுப்படியிலும் அம்மா படுக்கும் அறையிலும் தனியாக ஒரு 12 வோல்ட் கம்பி இழுத்து, மூன்று விளக்குகளும் ஒரு டி.சி. மின்விசிறியும் மாட்டினேன். அந்தக் கம்பியின் முனை வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு இணைப்பியில் வந்து முடிகிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டுவந்து அங்கே செருகுகிறோம். வானம் வெளுத்ததும் அதைத் தம்பி மறுபடி ஐஸ் பெட்டிக்குக் கொண்டுபோய்விடுகிறான்.